முன்வரிசை மரங்கள்

ஸ்ரீஸ்கந்தராசாவின் ஊருக்கு ரொறன்ரோவில் இரண்டு சங்கங்கள். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் இரண்டு சங்கமும் வரிந்துகட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. கோடைகால ஒன்றுகூடலில் ஆட்டுக்கறி வைப்பதா கோழிக்கறி வைப்பதா என்ற கொள்கை முரண்பாட்டில் பிளந்தது. ஆட்டுக்கறி அணிக்கு ஸ்ரீஸ்கந்தராசா தலைவர். அன்றைக்குத் தலைவரானவர் இன்றைக்கும் தலைவர்தான். வருஷா வருஷம் தேர்தல் ஒழுங்காக நடக்கும். அவரும் ஒழுங்காக வெல்வார், ஏனென்றால் வேறு யாரும் நிற்பதில்லை.

கோழிக்கறி அணி ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் ஊரின் பெயர் பொறித்த வாங்கு ஒன்றை வைத்தது. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் நிற்க வேண்டிய சின்ன வாங்கு. ஆனாலும் அதன் படம் முகநூலில் வந்த நாளிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வாங்கு வைத்தால் நாங்கள் காடு வைப்போம் என்று செயற்குழுவில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். காட்டை எப்படி வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நல்லகாலம், காடு ஏற்கெனவே இருந்தது. ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே, புதுவீட்டுத் திட்டங்கள் முடிகிற இடத்தில், நூறு வயதுச் சிவப்புப் பைன்கள் நிற்கும் பொதுக்காடு ஒன்று உண்டு. அதற்கு முன்பு அந்த இடத்தில் வெறும் மணல். அதற்கும் முன்பு அங்கே வானத்தைத் தொட்ட வெள்ளைப் பைன்கள் நின்றன. குடியேற வந்த வெள்ளைக்காரர்கள் அவற்றை வெட்டிக் கப்பல்களுக்குப் பாய்மரமாக அனுப்பினார்கள், மிச்சத்தை எரித்தார்கள், கோதுமை விதைத்தார்கள். நிலம் செத்து மணல் காற்றில் பறந்து வீட்டுக் கூரைகளில் ஏறியபோதுதான் ஞானம் பிறந்தது. எந்த வறண்ட மணலிலும் வேர் பிடிக்கும் சிவப்புப் பைன்களைக் கொண்டுவந்து, காலைக் கூட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசை வரிசையாக நட்டார்கள். இப்போது அவற்றில் சிலதை வெட்டி இடைவெளி விட்டு, அடியில் பழையபடி வெள்ளைப் பைன்களைக் கொண்டுவர வேண்டும் என்பது காட்டிலாகாவின் திட்டம். நடுவதற்கு ஊர்ச் சங்கங்கள் முன்வரலாம் என்றார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஓடிப்போய் முதல் ஆளாக நின்றார்.

காட்டிலாகாவில் இருந்து வந்த அலுவலர் தேனுகா. மட்டக்களப்புத் தாய் தகப்பனுக்கு ஸ்காபரோவின் வோபர்னில் பிறந்து, வடக்குப் பிள்ளைகளோடு கதைத்து வளர்ந்தவள், பைன் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவள். செயற்குழு அவளை அன்போடு வரவேற்று, இவ்வளவு படித்தும் பிள்ளைக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கவில்லையே என்று அனுதாபப்பட்டது. செயலாளர் அல்பேட் ஒரு படி மேலே போய், தன்னுடைய மச்சான் வங்கியில் இருக்கிறார், சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். தேனுகா சிரித்துவிட்டுக் கன்றுகளை இறக்கினாள்.

ஆளுக்கொரு கன்று, இறந்துபோன பெற்றோரின் பெயரால். கன்றின் அடியில் பித்தளைப் பெயர்ப்பலகை. சிவப்புப் பைனில் ஊசியிலைகள் இரண்டிரண்டாக இருக்கும், வெள்ளைப் பைனில் ஐந்தைந்தாக இருக்கும் என்று தேனுகா காட்டினாள். ஐந்து என்றதும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மெய்சிலிர்த்தது. ஐந்தெழுத்து மந்திரம், இது சைவ மரம் என்று அந்த இடத்திலேயே பிரகடனம் செய்தார். வேதக்காரரான அல்பேட், யேசுவின் காயங்களும் ஐந்துதான் என்று முணுமுணுத்தார். அந்த மரத்துக்கு இரண்டு பேரும் அந்நியர்கள் என்பதால் அது பேசாமல் நின்றது.

பிறகு இடம் பிரித்தார்கள். முன்வரிசை யாருக்கு என்பதை நம்மவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாகனத் தரிப்பிடத்தை ஒட்டி, மேலே மரமில்லாமல், வெயில் பளிச்சென்று விழும் திறந்த இடம் ஒன்று இருந்தது. அது தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர்கள் ஆகியோரின் பெற்றோருக்கு. சாதாரண அங்கத்தவர்களின் பெற்றோர் உள்ளே, சிவப்புப் பைன்களின் நிழலில். மாமாங்கம் மட்டக்களப்பார், ஊருக்கு மருமகன் என்ற ஒரே தகுதியில் அங்கத்தவரானவர். அவருடைய மாமியாருக்குக் கடைசி வரிசையில் கடைசி மூலை கிடைத்தது.

தேனுகா ஓடி வந்தாள். "அங்கிள், முன்னுக்கு வைக்காதேங்கோ. அங்கை ஃபுல் சன். இது சின்னனிலை அரை நிழலிலைதான் வளரவேணும். எல்லாத்தையும் உள்ளுக்கு வையுங்கோ."

"என்ன பிள்ளை கதைக்கிறியள்? தலைவற்றை தகப்பனைக் கொண்டுபோய் இருட்டுக்கை வைக்கிறதோ?" என்று தலைவர் தன்னைப் பற்றியே கேட்டார்.

"மரத்துக்கு அது தெரியாது, அங்கிள்."

"சனத்துக்குத் தெரியும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அது நூற்றுக்கு நூறு உண்மை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ரீஸ்கந்தராசாவின் பதவியை, பொன்னாடையை, மேடையை எதையும் கேலி செய்யலாம். அவர் அதற்கென்றே பிறந்தவர். ஆனால் அவருடைய ஐயா ஊரில் செத்தபோது அவருடைய அகதி வழக்கு இங்கே முடிந்திருக்கவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. மூத்த மகன் இருக்க, தம்பிதான் கொள்ளி வைத்தான். செத்தவீட்டு வீடியோ கேசட் தபாலில் வந்தது. வரவேற்பறையில் தனியே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். தம்பி கொள்ளிக்குடத்தோடு சுற்றி வந்த இடத்தில் நிறுத்தினார். அதற்குமேல் இன்றுவரை பார்க்கவில்லை. அந்த மரம் ஐயாவுக்கு. அதையாவது தன் கையால் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று அவர் மனதார நினைத்தார். அதில் பொய் இல்லை. மற்றவர்களின் மரத்தைவிட ஒரு சாணாவது உயரமாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தார். அதிலும் பொய் இல்லை.

ஐந்து வருஷம் சனி தவறாமல் போனார். பைன் ஊசிகள் உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும்; அப்படியே விடுங்கோ, அதுதான் அதுக்குச் சாப்பாடு என்று தேனுகா சொல்லியிருந்தாள். கோயில் வீதி மாதிரிக் கூட்டித் துப்புரவாக்கினார். பக்கத்தில் தானாக முளைத்த பொப்ளர், காட்டுச் செரி மரக்கன்றுகளைக் குப்பை என்று பிடுங்கி எறிந்தார். பசளை போட்டார். மீன் கழுவின தண்ணீரைப் பழைய பால் கான்களில் அடைத்து, காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு போய் ஊற்றினார். அந்த மணத்தால் அவருடைய மனைவி பேபி காரில் ஏறுவதையே விட்டுவிட்டாள். மரம் மதமதவென்று எழும்பி அவரைத் தாண்டியது. நுனிக்குருத்து பெருவிரல் தடிப்பில் நிமிர்ந்து நின்றது. முன்வரிசைக்காரர் எல்லோரும் தலைவரைப் பார்த்து அதையே செய்தார்கள்.

உள்ளே நின்ற மரங்கள் நோஞ்சான்களாக, பென்சில் தடிப்பில், நேராக மட்டும் வளர்ந்தன. மாமாங்கம் எப்போதாவது வருவார், விழுந்து கிடந்த மரக்குற்றியில் உட்கார்ந்து முறுக்குத் தின்பார், போய்விடுவார். "ஒரு சிறங்கை பசளை போட்டால் என்ன, மாமாங்கம்?" என்று தலைவர் கேட்டால், "மறுகா பாப்பம் அண்ணை" என்பார். அவருக்கு விஷயம் தெரிந்ததால் அல்ல, பஞ்சி, வெறும் சோம்பல். ஐந்து வருஷமும் அந்தப் பதில்தான்.

இந்த வருஷம் ஆவணித் தொடக்கத்தில் திறப்புவிழா என்று முடிவானது. கருங்கல் வளைவு, நகரசபை உறுப்பினர், ஐயர், தவில், வீடியோ, மேலே பறந்து படம் பிடிக்க ட்ரோன். அழைப்பிதழின் அட்டையில் ஐயாவின் மரம். யூன் முடிகிற நேரம் ஸ்ரீஸ்கந்தராசா வழமைபோல மீன் தண்ணீரோடு போனார். ஐயாவின் மரத்தின் நுனிக்குருத்து கைத்தடியின் பிடிபோல வளைந்து, தலை குனிந்து கிடந்தது. ஊசிகள் செம்மஞ்சளாகியிருந்தன.

முதலில் தண்ணீர் போதாது என்று நினைத்தார். இரட்டிப்பாக ஊற்றினார். அடுத்த கிழமை அல்பேட்டின் தாயாரும் தலை குனிந்தார். பிறகு பொருளாளரின் தகப்பன், போஷகர்கள் ஒவ்வொருவரின் பெற்றோர். முன்வரிசை முழுவதும். உள்ளே நின்ற ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. இதற்குமேல் விளக்கம் எதற்கு? கோழிக்கறி அணியின் வேலை. சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அல்லது உப்பு. வேட்டைக்காரர்கள் வைக்கும் கமரா ஒன்றை வாங்கி மரத்தில் கட்டினார். அதில் அகப்பட்டவை: ஒரு மான், இரண்டு றக்கூன், ஐயாவின் மரத்தைச் சாணால் அளந்து பார்த்துவிட்டுத் தன் தாயாரின் மரத்துக்கு இன்னும் ஒரு வாளி பசளை போடும் அல்பேட். எதிரி அகப்படவில்லை.

வேறு வழியில்லாமல் தேனுகாவைக் கூப்பிட்டார். அவள் வந்து வளைந்த குருத்தைப் பிடித்து, கத்தியால் பட்டையைக் கீறினாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, தண்டைச் சுற்றி வட்டமாக, கீழ்நோக்கித் தின்றபடி இருந்தன.

"கூன்வண்டு" என்றாள். "வசந்தத்திலை வந்து நுனியிலை முட்டை வைக்கும். ஆனா எல்லாத்துக்கும் வராது. வெயில் படுற, நல்லாக் கொழுத்த நுனியைத்தான் தேடும். நிழலிலை நிக்கிறது மெல்லிசு, அதுக்குப் பிடிக்காது."

"அப்ப உள்ளுக்கு நிக்கிறது?"

"ஒண்டும் நடக்காது. அங்கிள், நான் முதல் நாளே சொன்னனான்."

ஸ்ரீஸ்கந்தராசா அந்தக் கடைசி வசனத்தைக் கேட்காதவர் மாதிரி நின்றார். அது அவருக்கு நல்ல பழக்கம்.

"இதுக்கு மருந்து என்ன?"

"வெட்டவேணும். இந்தச் செத்த நுனியை, கீழை பச்சைக் கிளைகள் சுத்திவரத் தொடங்கிற இடம் வரைக்கும். யூலை முடியிறதுக்குள்ளை வெட்டி எரிச்சுப்போடவேணும். விட்டா புழுவெல்லாம் வண்டாகி வெளிக்கிட்டிடும், வாற வருஷம் திரும்ப வரும். ஒவ்வொரு வருஷமும் நுனி செத்தா மரம் மேலை போகாது, முட்டைக்கோவா மாதிரிப் படரும்."

"விழா ஆவணியிலை, பிள்ளை. அதுக்குப் பிறகு வெட்டுவம்."

"லேட் ஆகிடும், அங்கிள்."

"என்ரை ஐயான்ரை மரத்தைத் தலையில்லாமல் சனத்துக்குக் காட்டச் சொல்லுறியளோ?" அவருடைய குரல் உடைந்தது. தேனுகா கத்தியை மடக்கினாள். அவளுக்குப் புழுக்களைப் பற்றித்தான் படிப்பித்திருந்தார்கள்.

ரொறன்ரோவில் சைவக் குடும்பம் எதுவாக இருந்தாலும் நிலவறையில் ஒரு பிளாஸ்ரிக் கிறிஸ்மஸ் மரம் இருக்கும். பிள்ளைகள் அழுது வாங்குவித்து, பிறகு வளர்ந்து போய்விட, பழைய துணிமூட்டைக்கும் பெரிய கிடாரத்துக்கும் நடுவில் அது மட்டும் மிஞ்சும். விழாவுக்கு முந்திய நாள் ஸ்ரீஸ்கந்தராசா நிலவறைக்குள் இறங்கினார். மேலே வந்தபோது கையில் அந்த மரத்தின் நுனித்துண்டு இருந்தது.

"என்னப்பா இது?" என்றாள் பேபி.

"ஐயாவுக்கு."

பேபி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை வெட்டச் சொன்னதை வெட்டினால் என்ன? செத்த மனிசனுக்குப் பொய்த்தலை வைக்கிறியள். வெக்கமாயில்லையே?"

"கமராவிலை தெரியாது" என்றார். அது வெட்கத்துக்குப் பதில் அல்ல என்பது அவருக்கும் தெரியும். கம்பியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

செத்த குருத்தைத் தடியொன்றோடு நிமிர்த்திக் கட்டி, பிளாஸ்ரிக் நுனியை மேலே மாட்டி, கம்பியால் சுற்றினார். பச்சை கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறையில்லை. திரும்பிப் பார்த்தால் அல்பேட் நிற்கிறார். அல்பேட் பிளாஸ்ரிக் நுனியைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் காருக்கு நடந்தார். விழாவன்று காலை முன்வரிசையில் அத்தனை மரங்களும் நிமிர்ந்து நின்றன. பொருளாளரின் தகப்பனுக்கு நுனியில் வெள்ளிப்பொடி கூட மினுங்கியது. போஷகர் ஒருவர் வீட்டில் இருந்த மரம் பனி பெய்தது மாதிரி வெள்ளையடித்த வகை. ஆவணி வெயிலில் அவருடைய தாயார் தலையில் மட்டும் உறைபனி.

நகரசபை உறுப்பினர் வந்தார். மரங்களின் செழிப்பைப் பார்த்து, தமிழ்ச் சமூகத்துக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பற்றி உருகினார். தவில் முழங்கியது, ட்ரோன் பறந்தது. காட்டுக்குள் நெருப்பு வேண்டாம், மழையில்லாமல் எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்று தேனுகா இரண்டு முறை சொல்லியிருந்தாள். ஆனால் கற்பூரம் நெருப்புக் கணக்கில் சேராது என்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ஐயர் கற்பூரத் தட்டைக் கொளுத்தி, தலைவரிடம் நீட்டினார்.

"மூத்த மகன் நீங்கள்தானே? நீங்களே காட்டுங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் கண் கலங்கியது. அது கமராவுக்காகக் கலங்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஐயாவின் காலடியில் காட்டினார், இடுப்பில் காட்டினார், பெருவிரலில் ஊன்றி நின்று உச்சியில் காட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே, ட்ரோனுக்குத் தெரிய.

தேனுகா கத்தியது தவில் சத்தத்தில் கேட்கவில்லை. பிளாஸ்ரிக் நுனி சடசடவென்று பிடித்துக்கொண்டது. கரும்புகை எழுந்தது, உருகிய பச்சை சொட்டுச் சொட்டாக நெருப்போடு விழுந்தது. காய்ந்த செத்த குருத்தும் சேர்ந்து எரிந்தது. சனம் பின்னால் பாய்ந்தது; உறுப்பினரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு போஷகர்கள் அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தேனுகா தன் வண்டியில் இருந்த தண்ணீர்ப் பையோடு வந்து, பீச்சியடித்து அணைத்தாள்.

தவில் நின்றுவிட்டது. அந்த அமைதியில், பின்னால் நின்ற ஒரு அன்ரி பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"கடைசியிலை தகப்பனுக்குக் கொள்ளி வைச்சிட்டார்."

ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஸ்ரீஸ்கந்தராசா தாங்கியிருப்பார். வெற்றுத் தட்டைப் பிடித்தபடி, ஐயாவின் கருகிய உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அல்பேட் நைசாகப் போய்த் தன் தாயாரின் பொய்த்தலையைக் கழற்றிச் சட்டைக்குள் ஒளித்தார். மற்றவர்களும் அப்படியே. நேரலையில் பார்த்த கோழிக்கறி அணி, புகை அடங்கும் முன்பே படத்தைப் பகிர்ந்துவிட்டது. பிறகு சாப்பாடு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சனம் வளைவுக்கு அப்பால் போட்டிருந்த கூடாரத்துக்கு நகர்ந்தது. மரங்களுக்கு நடுவால் சுற்றிப் போன நகரசபை உறுப்பினர் கடைசி மூலையில் நின்று, மாமாங்கத்தின் மாமியாரைப் பார்த்து, இது யாருடையது, இவ்வளவு நேராக இருக்கிறது என்று கேட்டார். மாமாங்கம் முறுக்கை விழுங்கிவிட்டு, "எங்கட மாமிர" என்றார்.

தேனுகா கருகிய குருத்தை விரலால் துடைத்தாள். தண்டில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் நிறைய இருந்தன.

"வண்டெல்லாம் வெளிக்கிட்டிட்டுது, அங்கிள். முந்தியே போயிட்டுது."

"அப்ப இனி வெட்டி என்ன?"

"வெட்டினா பக்கக் கிளையிலை ஒண்டு எழும்பி நுனியாகும். கட்டிவிடலாம். ஆனா நிழல் வேணும். நீங்கள் பிடுங்கிற பொப்ளரை, செரியை விடுங்கோ, அது கெதியா வளரும். சுத்திவர மூடினா வண்டு வராது." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா பேர்ப் போர்ட் தெரியாது. றோட்டிலை இருந்து பாத்தா இந்த மரமே தெரியாது."

"எத்தினை வருஷத்துக்கு?"

"கன வருஷம். நீங்கள் உயிரோடை இருக்கேக்கை தெரியாது, அங்கிள்."

அவள் தன் இடுப்பில் தொங்கிய, கிளை அறுக்கும் கைவாளைக் கொடுத்துவிட்டு, சொட்டு விழுந்த இடங்களில் எங்கேயாவது கனல் இருக்கிறதா என்று தேடி உள்ளே போனாள். ஸ்ரீஸ்கந்தராசா வாளை வாங்கினார். பழக்க தோஷத்தில் வீடியோக்காரனைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அவன் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றான். ட்ரோன் பெட்டிக்குள் போய்விட்டது. செயற்குழுவில் ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கருகின இடத்துக்குக் கீழே, பச்சைக் கிளைகள் தொடங்கும் இடத்தில் வாளை வைத்தார். செத்த மரம், இழுத்ததும் வெட்டுப்பட்டது. இப்போது ஐயா அவருடைய நெஞ்சளவுக்கு வந்துவிட்டார். மிஞ்சின கிளைகளில் ஒன்றை வளைத்து மேலே நிமிர்த்தி, பொன்னாடையின் கரையைக் கிழித்துத் தடியோடு கட்டினார். முடிச்சுப் போடும்போது கண்ணீர் வந்து முடிச்சு தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, எல்லாரும் தேடுகினம்" என்று பேபி கூடாரத்தில் இருந்து கூப்பிட்டாள். அவர் போகவில்லை. சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, ஒருவருக்கும் காட்டுவதற்காக அல்லாமல் அவர் ஐயாவுக்குச் செய்த முதல் வேலை அதுதான்.